அவர்களுக்குக் கேட்கவில்லை

தமிழில் ‘கேள்’ என்னும் வினைச்சொல் விந்தையானது. வினவுவதும் கேட்டல், செவியால் உணர்வதும் கேட்டல், பெரியோர் சொன்னபடி நடப்பதும் கேட்டல். மூன்றையும் ஒரே சொல்லால் குறிக்கும் நம் மொழி, அவற்றைப் பிரித்துக் காட்டும் பொறுப்பைப் பல நேரங்களில் வேற்றுமை உருபுகளிடம் விட்டுவிடுகிறது. ‘அவர்கள் கேட்கவில்லை’ என்றால் அவர்கள்மேல் குறை சொல்கிறோம். ‘அவர்களுக்குக் கேட்கவில்லை’ என்றால் குறை எங்கோ இருக்கிறது. எங்கென்று இனித்தான் தேட வேண்டும். இரண்டுக்கும் நடுவே நிற்பது நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’ ஒன்றுதான். கல்லூரியில் இருபது ஆண்டுகளாக வேற்றுமை நடத்திவரும் நமக்கு அந்த ஓரெழுத்தின் எடையை உணர்த்தியது, வீட்டில் கட்டப்பட்ட ஒரு வானொலிப் பெட்டி.

இலக்கியம் பேசக் கூடும் இவ்விடத்தில் சால்டர் புகையைப் பரப்புவதை நண்பர்கள் பொறுத்தருள்க. முதலில் பின்னணியைச் சொல்லிவிடுகிறோம். ‘ஹாம்’ என்று சுருக்கமாக வழங்கப்படும் அமெச்சூர் வானொலி, வணிக நோக்கமின்றித் தனிமனிதர்கள் வானலை வழியே தம்முள் உரையாடும் பொழுதுபோக்கு. நடுவண் அரசின் தேர்வெழுதி உரிமம் பெற்றவர்களே இதில் ஈடுபடலாம். உரிமம் பெற்ற ஒவ்வொருவருக்கும் உலகில் வேறெவருக்கும் இல்லாத அழைப்புக்குறி ஒன்று உண்டு. இந்தியர்களின் குறிகள் பெரும்பாலும் ‘வி.யு.’ என்று தொடங்கும். கடையில் வாங்கிய கருவியைக் காட்டிலும் தம் கையால் கட்டிய கருவியில் பேசுவதையே இவர்களுள் பலர் பெருமையாகக் கருதுவர்.

அப்பெருமை எளியோர் கைக்கும் எட்டுமாறு செய்தவர்களுள் ஒருவர் ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான். 2003ஆம் ஆண்டில் அவர் வடிவமைத்த ‘பிட்எக்ஸ்’ என்னும் அமைப்பை உள்ளூரில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே கட்டிவிடலாம். தண்ணீர்க் குழாயில் போடும் நைலான் வாஷரின்மேல் கம்பியைச் சுற்றிச் சுருள் செய்துகொள்ளலாம் என்பது அதன் அழகுகளுள் ஒன்று. அவ்வழியில் பின்னர்ப் பல அமைப்புகள் தோன்றின. பாகங்களையும் அட்டையையும் ஒரு பையிலிட்டு அனுப்பும் ‘கிட்’டுகளும் வந்தன. நாம் சொல்லப்போவது அத்தகைய கிட் ஒன்றிலிருந்து உருவான பெட்டியின் கதை. 7 மெகாஹெர்ட்ஸ், அதாவது 40 மீட்டர் அலைவரிசை. ஆற்றல் 5 வாட். வீட்டில் எரியும் சிறிய எல்.இ.டி. விளக்கின் அளவுதான். அவ்வளவைக் கொண்டு பகற்பொழுதில் சில நூறு கிலோமீட்டர் தொலைவுக்குப் பேசலாம் என்பது இக்கலையின் வியப்பு.

*

பெட்டியைக் கட்டியவர் நமக்குப் பள்ளியில் அறிவியல் கற்பித்த ஆசிரியர். தாமிரபரணிக் கரையில், திருவைகுண்டத்துக்கு அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றில் வாழ்கிறார். பெயர் வெளிவருவதை விரும்பமாட்டார். ஆதலால் ‘ஐயா’ என்றே குறிப்பிடுகிறோம்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, பாரதி பிரசாத் என்னும் அம்மையார் ஹாம் நிலையம் நடத்துவதற்காக அந்தமானில் போர்ட் பிளேர் நகரில் தங்கியிருந்தார். மற்றத் தொடர்புகள் அறுந்த அந்நாள்களில் அவருடைய நிலையமே தீவின் செய்திகளை வெளியுலகுக்குக் கொண்டுசேர்த்தது. அச்செய்தி வந்த நாளேட்டுத் துணுக்கை ஐயா வெட்டிப் பாதுகாத்து வந்தார். கடற்கரை மாவட்டத்துக்காரர், பேரலையின் பொருள் அறிந்தவர். “ஊருக்கு ஒருத்தர் இப்படி இருக்கணும், தம்பி” என்று அவர் சொன்னதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். 2017இல் ஓய்வு பெற்றார். 2019இல் தேர்வெழுதி உரிமம் பெற்றார். 2020இல் ஊரடங்கு வந்தபோது கிட்டை வரவழைத்து, பேத்தியின் படிப்பு மேசையில் வைத்து, ஏறத்தாழ மூன்று மாதங்களில் பெட்டியைக் கட்டி முடித்தார். இரண்டு பனைகளுக்கிடையே 20 மீட்டர் நீளக் கம்பியை ஆண்டெனாவாகக் கட்டினார்.

பெட்டி முதல்நாளே நன்றாகக் கேட்டது. கேரளம், கருநாடகம், இலங்கை என எங்கெங்கிருந்தோ குரல்கள் வந்தன. அனுப்புதலையும் அவர் சோதித்துப் பார்த்தார். பழைய சிற்றலை வானொலி ஒன்றை அடுத்த அறையில் வைத்து, பேத்தியை அருகில் அமர்த்திவிட்டு, இந்த அறையிலிருந்து ஒலிவாங்கியில் பேசினார். “தாத்தா, கேட்குது!” என்று குழந்தை கத்தினாள். அத்துடன் சோதனை முடிந்தது.

அதன்பின் மூன்றாண்டுகள் நாள்தோறும் காலையில் அவர் அழைத்துப் பார்த்தார். அவருடைய குறிப்பேட்டை நாம் முழுதும் புரட்டியிருக்கிறோம். நீலக்கோடு இட்ட நாற்பது பக்க நோட்டு. ஆசிரியர்க்கே உரிய அச்சுப்போன்ற கையெழுத்து. இடப்பக்கத்தில் ‘கேட்டவை’, அதில் ஊர், அழைப்புக்குறி, நேரம் எல்லாம் உண்டு. வலப்பக்கத்தில் ‘அழைத்தவை’, அங்கே ஒவ்வொரு வரியின் இறுதியிலும் ‘பதில் இல்லை’. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் அத்தொடர் வருகிறது. தொடக்கத்தில் அதனருகே காரணங்களும் எழுதியிருக்கிறார்: ‘ஆண்டெனா தாழ்வு’, ‘வானிலை சரியில்லை’, ‘நேரம் தவறு’. 2021இன் நடுவில் காரணங்கள் நின்றுவிடுகின்றன. 2022இல் ஓரிடத்தில் மட்டும் ஒரு வரி: ‘பழையவர்கள் பழையவர்களோடு மட்டுமே பேசுகிறார்கள்.’

வானலையிலும் திண்ணை உண்டு, அதில் தமக்கு இடமில்லை என்று அவர் முடிவு செய்துவிட்டார். தம் ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம் என்பதாலோ, தாம் புதியவர் என்பதாலோ, அவர்கள் கேட்டும் கேளாதவர்போல் இருக்கிறார்கள் என்று எண்ணினார்.

*

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களின் மழையைத் தென்மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. தாமிரபரணி கரைமீறியது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட விரைவு வண்டி திருவைகுண்டம் நிலையத்தைத் தாண்ட முடியாமல் நின்றது. நூற்றுக்கணக்கான பயணிகள் அங்கே சிக்கிக்கொண்டனர். ஐயாவின் ஊரில் மின்சாரம் போயிற்று. சிறிது நேரத்தில் செல்பேசிக் கோபுரமும் ஓய்ந்தது.

ஐயா மச்சில் ஏறினார். பெட்டி அங்கிருந்தது. இன்வெர்ட்டரின் 12 வோல்ட் பேட்டரியையும் மேலேற்றியிருந்தார். ஆண்டெனாக் கம்பி அறவில்லை. இருபது ஆண்டுகளாக அவர் எந்த நாளுக்காக ஆயத்தம் செய்தாரோ அந்த நாள் வந்திருந்தது. அடுத்த வீட்டு அம்மாளுக்கு நாள்தோறும் இன்சுலின் போட வேண்டும். வீட்டிலிருந்த மருந்து வெள்ளத்தோடு போய்விட்டது. ஐயா ஊர்ப்பெயரைச் சொல்லி, செய்தியைச் சொல்லி, இரண்டு பகலும் அழைத்தார். மற்றவர்கள் பேசுவது கேட்டது. வெள்ளத்தைப் பற்றியே பேசினார்கள் என்பதுகூடக் கேட்டது. அவரழைப்புக்கு ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. மூன்றாம்நாள் நீர் சற்று வடிந்தபின் இளைஞர்கள் இருவர் நடந்தே போய் மருந்து வாங்கிவந்தனர். அம்மாளுக்குத் தீங்கு நேரவில்லை. ஆனால் ஐயா பெட்டியை வேட்டித்துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

2024 மே விடுமுறையில் அவரைக் காணச் சென்றபோது பெட்டியை நம் கையில் கொடுத்தார். “எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி. உங்க காலேஜ் பிள்ளைங்க பிரிச்சுப் பார்த்துப் படிக்கட்டும்.” பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அத்தனை பேர் இருந்தாங்க. ஒருத்தரும் கேக்கலை.”

*

நம் கல்லூரி இயற்பியல் துறையில் பணியாற்றும் நண்பர் ஹாம் உரிமம் உடையவர். மாணவர்கள் இல்லாத விடுமுறை நாளில் ஆய்வகத்தில் பெட்டியைத் திறந்தோம். கட்டுமானம் அவ்வளவு தூய்மையாக இருந்தது. மின்தடைகள் யாவும் ஒரே திசை நோக்கி நின்றன. நிறக்கோடுகளைக் கழுத்தைத் திருப்பாமலே படிக்கலாம். இப்படிக் கட்டியவரின் பெட்டியில் பழுது இருக்க வாய்ப்பில்லை என்று நமக்குத் தோன்றியது. “பார்வைக்குச் சாட்சி மதிப்பு கிடையாது” என்றார் நண்பர்.

அனுப்புதலைச் சோதிக்கையில் ஆண்டெனாவை இணைக்கலாகாது, பிறர்க்கு இடையூறு. அதற்கு மாற்றாக 50 ஓம் அளவுள்ள பொய்ச்சுமை ஒன்று வேண்டும். ஆயிரம் ஓம் மின்தடைகள் இருபதைப் பக்கம் பக்கமாக இணைத்தால் 50 ஓம் ஆகிவிடும். பெட்டி கக்கும் ஆற்றல் முழுவதையும் அது வெப்பமாக்கி விழுங்கிவிடும். அதன் முனையில் ஒரு ஜெர்மானியம் டையோடும் ஒரு சிறு மின்தேக்கியும் கொண்ட ஆய்முனையை வைத்து மல்டிமீட்டரில் இணைத்தால், உயர் அதிர்வெண் அலையின் உச்ச அளவு வோல்ட்டில் தெரியும். 5 வாட் இருந்தால் ஏறத்தாழ 22 வோல்ட் காட்ட வேண்டும்.

இவ்வகைப் பெட்டி ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் இயங்குவது. இதில் தாங்கியலை இல்லை. பேசினால்தான் அலை, மௌனத்துக்கு அலை கிடையாது. ஆகவே ஒருவர் இடைவிடாது குரல் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அப்பணி தமிழ்த்துறைக்கு வந்துசேர்ந்தது. ‘ஆ’ என்றோம். நெட்டெழுத்துக்கு மாத்திரை இரண்டு. மீட்டரின் எண் நிலைகொள்வதற்குள் ஒலி முடிந்துவிட்டது. “இழுங்க சார்” என்றார் நண்பர். அளபெடுத்தோம். செய்யுளில் ஓசை குறைந்தால் அளபெடை வந்து நிறைக்கும் என்று ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். கருவியின் குறையையும் அது காட்டிக்கொடுக்கும் என்பது அன்று தெரிந்தது. மீட்டர் காட்டியது ஒரு வோல்ட்.

ஒரு வோல்ட் என்றால் ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு. வர வேண்டியதில் ஐந்நூறில் ஒன்று. அடுத்த அறைச் சோதனையின் மாயம் அங்கே விளங்கிவிட்டது. நூறில் ஒரு வாட் இருந்தால் பத்தடி தொலைவிலுள்ள வானொலியில் கணீரென்று கேட்கும். குழந்தை சொன்னது பொய்யன்று. ஆனால் சில நூறு கிலோமீட்டர் கடந்து, வானத்தின் இரைச்சலையும் கடந்து ஒருவர் காதை எட்டுவதற்கு அது போதாது.

*

இனிப் பழுதின் இருப்பிடத்தைத் தேட வேண்டும். இங்கேதான் இத்தொழில் நமக்கு மிகவும் பழகியதாகத் தோன்றியது. ஒரு சுவடி பல கைகள் மாறிப் படியெடுக்கப்பட்டு நம்மிடம் வருகிறது. எந்தப் படியில் பிழை புகுந்தது என்று அறிய, படிகளை ஒப்புநோக்கி, சரியான பாடம் எதுவரை இருக்கிறது, பிழையான பாடம் எதிலிருந்து தொடங்குகிறது என்று வரம்பு கட்டுகிறோம். 1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததற்குப் பின்னே இருந்த உழைப்பு இத்தகையது. குரலும் அப்படியே. ஒலிவாங்கியில் புகுந்து, ஒரு பெருக்கியிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று படியெடுக்கப்பட்டுத்தான் ஆண்டெனாவை அடைகிறது.

நண்பர் முதலில் விடுதலை செய்ய வேண்டியவர்களை விடுதலை செய்தார். பெட்டி நன்றாகக் கேட்கிறது. கேட்பதற்கும் பேசுவதற்கும் பொதுவாக உள்ள பகுதிகள், அதாவது அலையியற்றி, படிக வடிப்பி, கலக்கி ஆகியவை குற்றமற்றவை. அவற்றைத் தொடவே வேண்டியதில்லை. பேசுவதற்கு மட்டும் உரிய பாதையில் எஞ்சியவை ஒலிவாங்கிப் பெருக்கி, முன்பெருக்கி, இடைப்பெருக்கி, இறுதிப் பெருக்கி. ஒரு முனையிலிருந்து தொடங்காமல் நடுவில் ஆய்முனையை வைத்தார். முன்பெருக்கியின் முடிவில் குரல் உரிய அளவில் இருந்தது. ஆகவே அதற்கு முன்னுள்ளவை தப்பின. இடைப்பெருக்கியின் முடிவிலும் இருந்தது. மிஞ்சியது இறுதிப் பெருக்கி.

இறுதியில் இருந்தது ஐ.ஆர்.எஃப். 510 என்னும் மாஸ்ஃபெட். கெட்டுப்போவதில் பேர்போன பாகம். ஐயம் இயல்பாகவே அதன்மேல் விழுந்தது. அதன் கேட் முனையில் 2 முதல் 4 வோல்ட்டுக்குள் ஏதோ ஓரளவு வந்தால்தான் அது விழிக்கும். அளந்தோம், வேண்டிய வோல்ட் இருந்தது. 12 வோல்ட் வழங்கலும் வந்துகொண்டிருந்தது. குரலில்லாத நிலையில் அது இழுக்க வேண்டிய மின்னோட்டத்தையும் இழுத்தது. விழித்துத்தான் இருந்தது, செய்திதான் வந்துசேரவில்லை. கேட் முனையில் ஆய்முனையை வைத்து மீண்டும் அளபெடுத்தபோது மீட்டர் அசைந்தும் அசையாமலும் நின்றது.

ஆக, இடைப்பெருக்கியின் வாசலில் குரல் இருக்கிறது. இறுதிப் பெருக்கியின் வாசலில் இல்லை. நடுவே இருப்பது ஒரு சிறு மாற்றி மட்டுமே. விரல் நுனியளவு வளையம். அதன்மேல் எனாமல் பூசிய கம்பியின் இரு சுற்றுகள். ஒன்று கொடுக்க, மற்றொன்று வாங்க. மின்சாரத்தை நிறுத்திவிட்டு வாங்கும் சுற்றின் இரு முனைகளுக்கிடையே ஓம் அளந்தார் நண்பர். சில அங்குலச் செப்புக்கம்பி. சுழி காட்ட வேண்டும். 100 ஓம் காட்டியது.

அந்த 100 ஓம் அந்தக் கம்பிக்கு உரியதன்று. அதற்குப் பக்கத்துணையாக இணைத்திருந்த மின்தடைக்கு உரியது. சுற்று அறுந்திருக்க, அந்த மின்தடை அதன் இடத்தில் நின்று கணக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. கேட் முனைக்குப் போக வேண்டிய வோல்ட்டும் அந்தத் தடை வழியாகவே குறையின்றிப் போயிற்று. அதனால்தான் மீட்டரின் எல்லாக் கேள்விகளுக்கும் பெட்டி சரியான விடையே சொல்லிவந்தது. சுருளைத் தாண்ட முடியாத குரல், இரு சுற்றுகளும் நெருங்கிக் கிடந்ததால் சிறிது கசிந்தது. ஒரு வோல்ட்டாக நாம் கண்டது அந்தக் கசிவைத்தான்.

உருப்பெருக்கியின்கீழ் வைத்துப் பார்த்தோம். சால்டர் முத்து பளபளவென்றிருந்தது. ஒரு குறையும் தெரியவில்லை. உறிஞ்சுதிரியால் ஈயத்தை அகற்றியபோது கம்பியின் ஒரு முனை வெளியே வந்தது. செந்நிறம். எனாமல் உரியவே இல்லை. ஈயம் கம்பியைச் சூழ்ந்து நின்றதே தவிரப் பற்றவில்லை. பொருளற்ற பிழையைச் சுவடியில் எவரும் கண்டுபிடித்துவிடுவர். பொருள் தரும் பிழையே நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்துவிடும் என்று முதுகலை வகுப்பில் நம் பேராசிரியர் சொன்னது நினைவுக்கு வந்தது.

*

புதுக்கம்பி சுற்றிப் பற்றவைக்க அரைமணி நேரம் போதும். நண்பர் பற்றாசுக்கோலைச் சூடேற்றிவிட்டார். நாம் தடுத்தோம்.

நண்பரின் எண்ணம் இரக்கமானது. சரிசெய்து கொடுத்துவிடுவோம், ஒரு பாகம் பழசாகிவிட்டது என்று சொன்னால் போயிற்று, எழுபதை நெருங்குபவரிடம், ‘உங்கள் குரல் மூன்றாண்டுகளில் ஒருநாளும் வீட்டைத் தாண்டவில்லை’ என்று ஏன் சொல்ல வேண்டும்? அதுவும் அந்த வெள்ளத்துக்குப் பின்?

நாம் எண்ணியது வேறு. பெட்டியைச் சொல்லாமல் சரிசெய்தால் நாளையே அவருக்கு மறுமொழி வரும். அப்போது அவர் என்ன நினைப்பார்? ‘இன்று பேசுகிறவர்கள் அன்று பேசவில்லையே’ என்றுதான் நினைப்பார். கருவி சீராகிவிடும், மனிதர்கள்மேல் அவர் கொண்ட முடிவு அப்படியே இருக்கும். பழுது இருந்தது இரண்டு இடங்களில். வளையத்தில் இருந்ததை நாம் நீக்கலாம். மற்றதை அவர்தாம் நீக்க வேண்டும், அதற்கு முதற்பழுதை அவர் தம் கண்ணால் காண வேண்டும். நண்பர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு பற்றாசுக்கோலின் சுவிட்சை அணைத்தார். அகற்றிய முனையை எனாமலோடு அப்படியே பழைய இடத்தில் ஈயம் வைத்து நிறுத்தி, பெட்டியை மூடினோம்.

அடுத்த ஞாயிறன்று இருவரும் சென்றோம். விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. பொய்ச்சுமையையும் ஆய்முனையையும் மல்டிமீட்டரையும் மேசைமேல் வைத்து, “ஐயா, நீங்களே ஒருதரம் அளந்து பாருங்க” என்றோம். நாற்பதாண்டுகள் சோதனைச்சாலையில் நின்ற கைகள். சிறிது நடுங்கின, ஆயினும் வழி தவறவில்லை. ஒரு வோல்ட்டைக் கண்டதும் நெற்றி சுருங்கியது. நண்பர் போன வழியிலேயே, அவரைக் காட்டிலும் விரைவாகப் போனார். 100 ஓம் காட்டியபோது மீட்டரைக் கீழே வைத்துவிட்டார்.

“இது கிட்டோட வந்த கம்பி இல்லை” என்றார்.

கிட்டில் வந்த கம்பி கடைசிச் சுருளுக்குப் போதவில்லையாம். சுற்றும்போது ஒரு துண்டு அறுந்துவிட்டதாம். ஊரடங்கு நேரம், வேறு வரவழைக்க வழியில்லை. பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்காரரிடம் ஒரு முழம் வாங்கிச் சுற்றியிருக்கிறார். கிட்டில் வந்த கம்பியின் பூச்சு பாலியூரித்தேன் வகை; பற்றாசுக்கோலின் சூட்டிலேயே உருகி விலகிவிடும், சுரண்ட வேண்டியதில்லை. மோட்டார்க் கம்பியின் பூச்சு நாளெல்லாம் கொதிக்கும் மோட்டாருக்குள் தாங்குவதற்கென்றே ஆனது; அந்தச் சூட்டுக்கு அசையாது, கத்தியால் சுரண்டித்தான் ஆக வேண்டும். பார்வைக்கு இரண்டும் செப்புக்கம்பிகளே.

நெடுநேரம் அவர் பேசவில்லை. உள்ளே அம்மா காப்பி ஆற்றும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு குறிப்பேட்டை எடுத்துவந்தார். 2023 டிசம்பர் 18 என்றிருந்த பக்கத்தைத் திறந்து, தாம் எழுதியிருந்ததைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: “அவங்க கேக்காம இல்லை. அவங்களுக்குக் கேக்கலை.”

வருத்தமா, ஆறுதலா என்று அம்முகத்தில் நம்மால் பிரித்தறிய இயலவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம். தம் குரல் எங்கும் சேரவில்லை என்பது பெரிய இழப்பு. ஆனால் வெள்ளத்தில் தத்தளித்த ஒரு கிழவரின் குரலைக் கேட்டும் வாளாவிருந்த மனிதர்கள் என்று எவரும் இல்லை என்பதும் அதே கணத்தில் உறுதியாயிற்று. ஐந்து மாதங்களாக அவர் நெஞ்சில் சுமந்த கூட்டம் ஒன்று அங்கேயே கலைந்து போனது.

சவரத்தகடு கொண்டு அவரே கம்பியைச் சுரண்டினார். செம்பின் ஒளி தெரியும்வரை விடவில்லை. அவரே பற்றவைத்தார். பொய்ச்சுமையில் 20 வோல்ட், 4 வாட். மறுநாள் காலை ஆண்டெனாவை இணைத்து அழைத்தபோது கேரளத்திலிருந்து ஒரு குரல், அழைப்புக்குறியைத் திருப்பிச் சொல்லி, ‘ஐந்து, ஏழு’ என்று ஒலித்தரம் கொடுத்தது. தெளிவுக்கு ஐந்து, வலிமைக்கு ஏழு. ஐயா தம் பெயரும் ஊரும் சொன்னார். ஊரின் பெயரைக் கேட்டதும் அந்த மனிதர் வெள்ளத்தைப் பற்றி விசாரித்தார். அந்நாள்களில் அப்பகுதியிலிருந்து ஏதேனும் குரல் எழுகிறதா என்று தாமும் செவிசாய்த்துக்கொண்டுதான் இருந்ததாகவும், ஒன்றும் அகப்படவில்லை என்றும் சொன்னார். ஐயா, “நன்றி, நன்றி” என்று இருமுறை தமிழிலேயே சொல்லி, விதிப்படி விடைபெற்று, ஒலிவாங்கியை வைத்தார். குறிப்பேட்டின் வலப்பக்கத்தில் முதன்முறையாக வேறொரு சொல் ஏறியது.

*

இதை எழுதும்போது நம் தொழிலும் நம் நண்பர்களின் தொழிலும் நினைவில் வந்தபடியே இருக்கின்றன. ஆசிரியர் ஓய்வறையில் நாள்தோறும் ஒலிக்கும் தொடர் ‘பிள்ளைகள் கேட்பதில்லை’ என்பது. எழுதுவோர் கூடுமிடத்தில் ‘வாசகர்கள் படிப்பதில்லை’ என்பது. அவை பொய் என்று சொல்ல வரவில்லை. கேளாமல் இருப்போர் உலகில் உண்டு. கேட்டும் கேளாதவர்போல் இருப்போரும் உண்டு. ஆனால் அம்முடிவுக்கு வருமுன் நாம் வழக்கமாகச் செய்யும் சோதனை அடுத்த அறைச் சோதனைதான். அருகில் இருப்பவர், அன்புடையவர், ‘கேட்கிறது’ என்கிறார். அவர் சொல்வது மெய்யே. நம் குரல் எத்தனை வோல்ட் என்பதற்கு அது அளவுகோல் ஆகாது.

பழுது தேடுவோரின் நெறி எளியது. எது வேலை செய்கிறது என்பதை முதலில் உறுதிசெய். அதன்மேல் ஐயம் கொள்ளாதே. நடுவில் அளந்து பார். மினுங்குவதைச் சாட்சியாக ஏற்காதே. எதிர்முனையில் இருப்பவரின் மனத்தைப் பற்றி முடிவு கட்டுவதைக் கடைசிக்கு ஒதுக்கு. மனிதர்களைப் பற்றிய முடிவுக்கு மீட்டர் கிடையாது. ஒருமுறை எழுதிவிட்டால் அழிப்பதும் அரிது.

பதிவு நீண்டுவிட்டது, ஒரு செய்தி சொல்லி நிறுத்துகிறோம். ஐயா இப்போது மாதத்தின் முதல் ஞாயிறன்று பொய்ச்சுமையை இணைத்து, பேத்தியை மீட்டரின்முன் அமர்த்தி, ‘ஆ’ என்று அளபெடுக்கிறார். எண்ணைப் படித்துக் குறிப்பேட்டில் எழுதுவது அவள் வேலை. 2025 ஐப்பசியில் அவர்கள் எடுத்த அளவை நமக்குத் தொலைபேசியில் சொன்னாள்: இருபது வோல்ட். அடுத்த வீட்டு அம்மாளின் இன்சுலின் இப்போது மச்சில், பேட்டரிக்குப் பக்கத்தில், மண்பானைத் தண்ணீருக்குள் மிதக்கும் சிறு சம்புடத்தில் இருக்கிறதாம்.